ஒரு கிண்டி, பத்துக் கோடு: ஸ்டில் லைஃபைக் கோட்டில் மட்டும் வரைவது எப்படி

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய வெண்கலக் கிண்டி இருக்கிறது. வெளியே போய்விட்டு வருகிறவர்கள் கால் கழுவுவதற்காக வைத்தது. குழாய் வந்தபிறகு அதற்கு வேலை இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பழைய திருவிதாங்கூர்ப் பகுதி என்பதால், கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை, இரணியல் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தப் பாத்திரம் இன்னும் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். உருண்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, விரிந்த வாய், பக்கவாட்டில் வளைந்து ஏறும் மூக்கு.

முதன்முதலாக அதை வரைந்தபோது நிழல், பளபளப்பு, கடைசல் வளையம் என்று எதையும் விடாமல் இரண்டு மணி நேரம் உழைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா இதுல தண்ணி ஊத்துனா மூக்கு வழியா ஒழுகிரும்லா" என்றார். அவர் சொன்னது சரி. மூக்கின் நுனியை வயிற்றின் பாதி உயரத்திலேயே முடித்திருந்தேன். உண்மையான கிண்டியில் அந்த நுனி வயிற்றைத் தாண்டிக் கழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படி நின்றால்தான் வயிறு நிறையத் தண்ணீர் பிடிக்கும்.

நான் போட்ட நூற்றுக்கணக்கான கோடுகளில் ஒன்றுக்குக்கூட அந்த விஷயம் தெரியவில்லை. கோட்டோவியத்தின் எளிமை பற்றி எனக்குப் புரிந்தது அங்கிருந்துதான் தொடங்கியது. பொருள் என்ன வேலை செய்கிறது, எங்கே கனக்கிறது, எங்கே திரும்புகிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் கோடு தானாகவே குறையும். தெரியாதவரை நாம் நிழல் போட்டு மறைத்துக்கொண்டிருப்போம்.

ஸ்டில் லைஃப் என்றால் அசையாத பொருள்களை எதிரே வைத்து வரைவது. இந்த வழிகாட்டியில் நிழல் கிடையாது, வண்ணம் கிடையாது. கோடு மட்டும்தான்.

1. எதை வரைவது

மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது ஒரு கிண்டி, இரண்டு மட்டிப்பழம், ஒரு சிரட்டை (கொட்டாங்குச்சி). மூன்றுக்கும் மூன்று விதமான கோடு தேவைப்படும். கிண்டியின் கோடு கடைசலில் பிடித்த மாதிரி ஒழுங்கானது. சிரட்டையின் உடைந்த விளிம்பு முரடானது. மட்டிப்பழம் இரண்டுக்கும் நடுவே. மெல்லிய தோல், லேசான வளைவு, நுனியில் மூக்கு வைத்தாற்போல ஒரு கூர்மை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த கன்னியாகுமரி மட்டிதான் அது. நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் ஒரு முழுச் சீப்பாகவே வாங்கலாம். வரைந்து முடித்ததும் தின்னலாம் என்பது கூடுதல் வசதி.

கிண்டி இல்லாவிட்டால் மூக்கு வைத்த எந்தப் பாத்திரமும் போதும், பிளாஸ்டிக் பூவாளிகூட. ஆனால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடாதீர்கள். பளபளப்பில் ஜன்னல் தெரியும், உங்கள் முகம் தெரியும், கண் அதன் பின்னாலேயே போகும். இத்தாலியின் போலோன்யா நகரில் படுக்கையறையையே பட்டறையாக்கி, அதே சில புட்டிகளையும் ஜாடிகளையும் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்த ஜார்ஜோ மொராண்டி (1890-1964) இதை நன்றாக அறிந்தவர். பளபளப்பை ஒழிக்கச் சில புட்டிகளுக்குப் பெயின்ட்டே அடித்து வைத்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம், களிம்பு பிடித்த கிண்டியே போதும்.

பூவை முதல் நாள் எடுக்காதீர்கள். தோவாளைச் சந்தைப் பூவைப் பார்த்தால் ஆசை வரும்தான். இதழ் இதழாக எண்ணத் தொடங்குவீர்கள், எளிமை அங்கேயே போய்விடும்.

2. தாள், பேனா, மழை

பழக்கத்துக்கு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் போதும். ஒரு கட்டாக வாங்குங்கள். விலை உயர்ந்த தாள் கையை நடுங்க வைக்கும். அழுத்தம் கொடுத்தால் தடிக்கிற, விட்டால் மெலிகிற கருவியாக ஒன்று வேண்டும்: 4பி பென்சில், பிரஷ் பேனா, அல்லது தொட்டு எழுதும் நிப் பேனா. ஜெல் பேனாவில் கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக வரும். பின்னால் அதுவும் நல்ல பயிற்சிதான், முதலில் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது நானே செய்துகொள்ளும் மூங்கில் பேனா. விரல் தடிமனில் ஒரு சாண் மூங்கில் குச்சி. ஒரு முனையைச் சாய்வாகச் சீவி, நுனியைச் சற்று மழுக்கி, நடுவே பிளேடால் ஒரு கீறல். இந்தியன் இங்கில் தொட்டு இழுத்தால் பாதி வழியில் மை வற்றிக் கோடு சொரசொரக்கும். அந்த வறட்சிதான் அதன் அழகு. 1888-இல் ஆர்ல் நகரில் வான்கோ வரைந்த பேனாச் சித்திரங்கள் இப்படிப்பட்ட நாணல் பேனாவில் வந்தவை.

நம்மூர்ச் சிக்கல் ஒன்று. நமக்கு இரண்டு மழைக்காலம், ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. அந்த நாட்களில் தாள் ஈரம் குடித்து நெளியும், மை ஓரத்தில் கசியும். கட்டைப் பிரித்ததும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வையுங்கள். நெளிந்த தாளைப் பருத்தித் துணிக்கு அடியில் வைத்து, லேசான சூட்டில் ஒரு முறை அயர்ன் செய்தால் அடங்கும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் மழைக்காலம் முழுக்கப் பென்சில்.

3. எங்கே உட்காருவது

ஸ்டில் லைஃப் என்றதும் மேசைமேல் விரித்த துணியும் பழத்தட்டும் நினைவுக்கு வரும். நம் வீடுகளில் பாத்திரம் பெரும்பாலும் தரையில் இருக்கும், நாம் மேலிருந்து பார்ப்போம். இது சின்ன வித்தியாசம் இல்லை, வட்டமான எதுவும் எப்படித் தெரியும் என்பதையே மாற்றிவிடும்.

கிண்டியின் வாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். ஒரு நேர்கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு திறந்து ஒடுங்கிய நீள்வட்டமாகும், இன்னும் இறக்க இறக்க அகலும். ஆகவே தரையில் இருக்கும் கிண்டியில், கண்ணுக்கு அருகே உள்ள வாயைவிடக் கீழே உள்ள அடிப்பகுதிதான் அதிகம் வளைய வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இழுக்கிறார்கள். கிண்டி அந்தரத்தில் தொங்குவது அதனால்தான்.

பலகையில் உட்கார்ந்து, பொருள்களைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கிண்டியின் மூக்கு. தலையை ஆட்டக் கூடாது, சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அதற்கு நேராகவே முகம் இருக்கட்டும். மொபைலில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைவது எளிதாகத் தோன்றும். கிட்டத்தில் வைத்து எடுத்தால் முன்னால் உள்ளது பெருத்து, பின்னால் உள்ளது சிறுத்துவிடும். மொபைலை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

4. தோளிலிருந்து வரைதல்

கோலம் போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விரல் மாவை விடுகிற வேலையை மட்டும் செய்யும். வளைவைப் போடுவது தோள். கம்பிக் கோலத்தில் கை வேகமாகப் போகிற இடத்தில் கோடு மெலியும், தயங்குகிற இடத்தில் தடிக்கும். பார்த்த உடனே சொல்லிவிடலாம், எந்த வளைவில் போட்டவர் யோசித்தார் என்று. மையிலும் அதே கதைதான். தயக்கத்தை மறைக்க முடியாது.

ஆகவே தினமும் முதல் ஐந்து நிமிடம் பொருளைப் பார்க்கவே வேண்டாம். தாளை நிறைக்கும்படி நேர்கோடுகள், வளைவுகள், நீள்வட்டங்கள். மணிக்கட்டு தாளில் பதியக் கூடாது, சுண்டுவிரல் லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். நீள்வட்டத்துக்கு, பேனா தாளைத் தொடும் முன்பே காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதே வேகத்தில் இறக்குங்கள். முதல் வாரம் கோணலாகத்தான் வரும். பரவாயில்லை.

5. தாளைப் பார்க்காமல் ஒரு படம்

நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ் வழியாகப் பரவிய பயிற்சி இது. அவருடைய பாடங்கள் 1941-இல், அவர் மறைந்த பிறகு, நூலாக வந்தன. செய்முறை எளிது, செய்வதுதான் கஷ்டம்.

கிண்டியின் வாயில் ஒரு புள்ளியைக் கண்ணால் பிடியுங்கள். பென்சில் முனை அந்த இடத்தையே தொட்டுக்கொண்டிருப்பதாக நம்புங்கள். கண் விளிம்பில் ஊர்கிற வேகத்திலேயே பென்சிலும் தாளில் ஊர வேண்டும். ஓர் எறும்பு கிண்டிமேல் நடந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். தாளைக் குனிந்து பார்க்கவே கூடாது. ஒரு கிண்டிக்கு ஐந்து நிமிடமாவது ஆக வேண்டும்.

முடித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். வாய் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம், மூக்கு வீட்டைவிட்டே ஓடிப்போயிருக்கும். ஆனால் துண்டு துண்டாகப் பாருங்கள். மூக்கு வயிற்றிலிருந்து பிரிகிற அந்த முடுக்கு, பழத்தின் காம்பு வளைகிற இடம், இவை நீங்கள் இதுவரை போட்டதைவிட உயிரோடு இருக்கும். அந்தக் கோடு பொருளைத் தொட்டு வந்தது. இப்படிப் பத்துத் தாள் தீரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அப்புறம் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம். பத்துப் பங்கு பொருளைப் பார்த்தால் ஒரு பங்கு தாள். கோடு ஓடும்போது பார்க்காதீர்கள், நிறுத்தியபோது மட்டும் பார்த்து, அடுத்த கோடு தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். அளவு தவறினால் கையை நீட்டிப் பென்சிலால் அளக்கலாம். அதைவிட எனக்கு உதவுவது இடைவெளி. கிண்டியின் கழுத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு காலி வடிவம் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு அரிவாள் மாதிரி. அந்தக் காலியை ஒரு பொருளாக நினைத்து வரைந்தால் கழுத்தும் மூக்கும் தானே சரியான இடத்தில் வந்து நிற்கும். அம்மா பிடித்த தவறை நான் இந்த வழியில்தான் திருத்தினேன்.

6. பத்துக் கோடு, பிறகு ஆறு

இதுதான் முக்கியமான படி. இங்கே அவசரம் வேண்டாம்.

கிண்டிக்கு எத்தனை கோடு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வாயின் நீள்வட்டம் ஒன்று. கழுத்தின் இடம், வலம் இரண்டு. வயிற்றின் இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் மூக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூக்கின் மேல்கோடு, கீழ்க்கோடு. மூக்கு நுனியின் சின்ன வாய். அடி. மொத்தம் பத்து. கடைசல் வளையங்களைச் சேர்க்கவில்லை, சேர்க்கவும் வேண்டாம். இந்தப் பத்தையும் எண்ணி எண்ணிப் போட்டு ஒரு படம் வரையுங்கள். பதினொன்றாவது கோடு போட்டால் தாள் செல்லாது.

இப்போது கோடுகளை இணைக்கலாம். இடப்பக்கக் கழுத்தும் வயிறும் ஒரே மூச்சில் இறங்கும் ஒரே கோடு. வலப்பக்கக் கழுத்து தோளில் இறங்கி, வயிற்றைத் தொட்டதும் திரும்பி மூக்கின் மேல்பக்கமாக ஏறும், அதுவும் ஒரே கோடு. மூக்கின் கீழ்ப்பக்கம் இறங்கி வயிற்றின் அடிப்பாகமாகிறது, அதுவும் ஒன்று. வாய், மூக்கு நுனி, அடி மூன்று. ஆக ஆறு. எதையும் விட்டுவிடவில்லை, ஆனாலும் நாலு குறைந்துவிட்டது. உள்ளே போகிற தண்ணீர் வழியும் வெளியே வருகிற வழியும்தான் அந்த இரண்டு நீண்ட வலப்பக்கக் கோடுகள் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் எங்கே அழுத்துவது, எங்கே தூக்குவது. கிண்டி தரையைத் தொடுகிற இடத்தில் அழுத்துங்கள், கனம் அங்கே இருக்கிறது. மூக்கு வயிற்றோடு சேரும் முடுக்கில் இன்னொரு அழுத்தம். வெளிச்சம் விழும் இடப்பக்கத் தோளில் பேனாவை எடுத்தேவிடுங்கள். ஒரு விரல் அகலத்துக்குக் கோடே வேண்டாம். பார்க்கிறவர் கண் அதைப் பூர்த்தி செய்துகொள்ளும். எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட முடியாது என்பதையும் கவனியுங்கள். வளைவு சீராகப் போகிற நடுவில் விடலாம். திசை மாறுகிற திருப்பத்தில் விட்டால் வடிவம் அவிழ்ந்துவிடும்.

ஒன்றை ஒன்று மறைக்கிற இடத்தில் முன்னால் உள்ள பொருளின் கோடு முழுதாக ஓட வேண்டும். பின்னால் உள்ளது அதைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த நூல் இடைவெளியில்தான் காற்று வருகிறது, நிழலே போடாமல் ஆழம் கிடைக்கிறது. இரண்டு பொருளின் விளிம்பு ஒன்றையொன்று சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டாற்போலத் தெரியும். பழத்தை நகர்த்துங்கள்: ஒன்று நன்றாக மறைய வேண்டும், இல்லை நன்றாக விலக வேண்டும்.

சிரட்டைக்கு இந்த ஒழுங்கெல்லாம் வேண்டாம். உடைந்த விளிம்பை மூங்கில் பேனாவில் ஒரே இழுப்பில், மை வற்ற வற்றப் போடுங்கள். கிண்டியின் வழவழப்புக்குப் பக்கத்தில் அந்தச் சொரசொரப்பு இருந்தால் எது உலோகம், எது ஓடு என்று சொல்ல வேறொன்றும் தேவையில்லை.

வழக்கமான தவறு, ஒரே விளிம்பை மயிர் மயிராக ஐந்தாறு முறை கீறுவது. எது சரி என்று முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் விட்டுவைக்கிற வேலை அது. தவறான கோட்டை அழிக்கவும் வேண்டாம். பக்கத்தில் சரியானதை ஒரு முறை போட்டுவிட்டு மேலே போங்கள். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஒரே தடிமனில், ஒரே வேகத்தில், விட்டுப்போகாமல் சுற்றிய கம்பி மாதிரி ஒரு உருவரை. சுத்தமாக இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் போட்ட குத்துவிளக்கைப் போல.

7. ஒன்று நீளம், பத்து குறுக்கம்

பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸின் ஒற்றைக்கோட்டுப் படங்களைப் பார்த்து, "ரெண்டு நிமிஷத்துல இழுத்துட்டார்" என்று நினைப்பவர்கள் அதிகம். 1941 ஜனவரியில் பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்து மீண்ட அவர், அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரு தொடர் வரைந்தார். 17 கருக்கள், மொத்தம் 158 படங்கள். ஒவ்வொரு கருவுக்கும் முதலில் ஒரு கரித்துண்டுப் படம், அழித்து, மாற்றி, நெடுநேரம். அந்த உழைப்பில் பொருள் கைக்குள் இறங்கியபிறகுதான், அதைத் தொடர்ந்து பேனாவிலும் கிரேயானிலும் சரசரவென்று வரிசையாகக் கோட்டுப் படங்கள்.

அதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு மணி நேரம் பென்சிலில் நிழலோடு, அழித்து அழித்து ஒரு படம். அது நன்றாக வர வேண்டிய அவசியமில்லை. பிறகு ஒரு டீ. பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து மையில் பத்துப் படம், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். முதல் மூன்று பயந்து வரும். நாலு, ஐந்து அலட்டலாக வரும், கை தன் சாமர்த்தியத்தைக் காட்டப் பார்க்கும். எனக்கு ஏழாவதிலிருந்துதான் ஏதாவது உருப்படியாக விழும். பத்தாவதுக்குள் அலுத்துவிட்டால் பொருளைச் சற்றே திருப்பி வையுங்கள், புதிய பொருளை எடுக்காதீர்கள்.

8. தாளின் காலி

கிண்டியைத் தாளின் நட்ட நடுவில் வைக்க வேண்டாம். கீழே இறக்கிப் பாருங்கள், கனம் கூடும். மேலே ஏற்றினால் தரை விரியும். தரைக்கும் சுவருக்கும் நடுவே கோடு போட வேண்டுமா என்று கேட்பார்கள். நான் பெரும்பாலும் போடுவதில்லை. அடியில் அழுத்திய கோடே தரையாகிவிடும். அமெரிக்க ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி 1940-களின் கடைசியில் தொடங்கி வாழ்நாள் முழுக்க வரைந்த செடிப் படங்களில் நிழலும் பின்னணியும் ஏறக்குறைய இல்லவே இல்லை. இலைக்கும் இலைக்கும் நடுவே உள்ள வெள்ளைத்தாள் இலையின் அளவுக்கே வேலை செய்கிறது.

நம் பக்கத்தில் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் (1938-2008) கறுப்பு வெள்ளைக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். ஸ்டில் லைஃப் அல்ல, காந்தியும் அரசர்களும்தான். ஆனால் தடித்த கோடும் மெல்லிய கோடும் வெள்ளையைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதத்துக்கு அவை நல்ல பாடம். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த வரிசையில், அதே முகம் படத்துக்குப் படம் வேறு வேறு கோட்டில் வருவதைப் பாருங்கள்.

9. நினைவிலிருந்து

கடைசிப் படிக்கு ஒரு நாள் வெளியே போங்கள், திங்கட்கிழமை தவிர. அன்று பத்மநாபபுரம் அரண்மனை திறப்பதில்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஊட்டுப்புரையும், அங்கே ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய ஜாடிகளும் உண்டு. கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும், உட்கார்ந்து வரைய முடியாது. அதுவே நல்லது. ஒரே ஒரு ஜாடிக்கு முன்னால் மூன்று நிமிடம் நில்லுங்கள். தோள் எங்கே அகலம், அடியில் எவ்வளவு ஒடுக்கம், வாய்விளிம்பு எப்படித் திரும்புகிறது, இந்த மூன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். வெளியே வந்து, தக்கலை பஸ் ஸ்டாண்டிலோ வீட்டிலோ, ஐந்து கோட்டுக்குள் வரையுங்கள். மறந்துபோனது பெரும்பாலும் தேவையில்லாததாகவே இருக்கும். தேவையானதும் சேர்ந்து மறந்துபோயிருந்தால் மறுபடி போக வேண்டியதுதான்.

வீட்டில் வரைந்தவற்றை அன்றே எடைபோடாதீர்கள். மறுநாள் காலையில் பத்தையும் தரையில் விரித்து, எழுந்து நின்று பாருங்கள். தலைகீழாகத் திருப்பினால் எங்கே சாய்ந்திருக்கிறது என்று உடனே தெரியும். வீட்டில் யாராவது கிண்டியில் தண்ணீர் மொண்டு பழகியவர் இருந்தால் அவரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

நின்றவை இரண்டோ மூன்றோதான் இருக்கும். பின்பக்கம் பென்சிலில் தேதியும் எத்தனையாவது படம் என்பதும் எழுதி, பழைய செய்தித்தாள் நடுவே வைத்து, டிரங்குப் பெட்டியில் போடுங்கள். இடையிடையே காய்ந்த வேப்பிலை போட்டால் ராமபாணப் பூச்சி கொஞ்சம் விலகி நிற்கும். மற்ற தாள்களின் பின்பக்கம் நாளைய பயிற்சிக்கு.